மொரின்யோ எதுக்கு, எங்ககிட்ட பிசியோ இருக்காரு

பிப்ரவரி 4

கால்பந்து மேனேஜர்கள், அதாவது அணியை நடத்தும் தலைமைப் பயிற்சியாளர்கள், பற்றி ஒரு கேள்வி இப்படி வந்திருக்கிறது: "பெரிய மேனேஜர்களில் பாதிப் பேர் நடுக்களத்தில் ஆடியவர்கள். கோல்கீப்பராக இருந்தவர்கள் ஏன் அந்தப் பக்கமே வருவதில்லை? கம்பத்துக்கு நடுவில் நின்றவருக்கு ஆட்டம் எப்படிப் புரியும்?"

முதல் பாதி நியாயமான கேள்வி. அந்தக் கடைசி வரிக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், ஏனென்றால் நானும் கம்பத்துக்கு நடுவில் நின்றவன்தான். கல்லூரி அணி, அப்புறம் மாவட்ட லீக்கில் கீழ் டிவிஷன், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆட்டம் எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்ததைச் சொன்னால் கேட்கத்தான் ஆள் இல்லை. "லெப்ட்ல ஒருத்தன் வர்றான், லெப்ட்ல பாரு" என்று தொண்டை கிழியக் கத்துவேன். எனக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரன், ஸ்டாப்பர், திரும்ப மாட்டான். கோல் விழுந்ததும் பத்துப் பேரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள்.

கீப்பராக இருந்த டினோ ஜோஃப், மேனேஜராகி யுவென்டஸ் கிளப்புக்கு 1990இல் யூஏஃபா கோப்பை என்ற ஐரோப்பியக் கோப்பையை வாங்கித் தந்தார், 2000ஆம் ஆண்டு யூரோ கோப்பையில் இத்தாலியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். பின்னால் மேனேஜரான நுனோ எஸ்பிரிட்டோ சான்டோ, போர்ட்டோ கிளப்பில் புகழ்பெற்ற மேனேஜர் மொரின்யோவுக்குக் கீழே மாற்று கீப்பராகப் பெஞ்சில் இருந்தவர். ஆக, ஆளே இல்லை என்பது சரியில்லை. ஆனால் இவர்கள் எல்லாம் பெரிய கிளப் வாசனை பிடித்தவர்கள். எனக்குப் பிடித்த உதாரணம் வேறு ஆள்: நைஜல் ஆட்கின்ஸ்.

பிப்ரவரி 4, இரவு

சுருக்கமாக அவர் கதை. 1965இல் பர்க்கன்ஹெட்டில் பிறந்தார். மெர்ஸி ஆற்றுக்கு அந்தக் கரை லிவர்பூல், இந்தக் கரை பர்க்கன்ஹெட். உள்ளூர் கிளப்பான ட்ரான்மியர் ரோவர்ஸில் 1982இல் கீப்பராக ஆரம்பித்தார், 1986இல் விகன் அத்லெட்டிக் போனார். இரண்டு இடத்திலும் சேர்த்து 240 லீக் ஆட்டத்துக்குப் பக்கம். எல்லாமே கீழ் டிவிஷன்கள். தொலைக்காட்சியில் முகம் தெரிகிற வாழ்க்கை இல்லை.

28 வயதில், பெரும்பாலான கீப்பர்கள் இப்போதுதான் பக்குவம் வந்தது என்று சொல்கிற வயதில், வேல்ஸில் பேங்கர் சிட்டிக்கு ஆடிக்கொண்டே மேனேஜராகவும் இருக்கப் போனார். லீக் ஆஃப் வேல்ஸ் அப்போதுதான் 1992இல் தொடங்கிய புது லீக். 1994, 1995 என்று அடுத்தடுத்து இரண்டு முறை சாம்பியன். யூஏஃபா கோப்பையில் கூட பேங்கர் ஆடியது. ஐஸ்லாந்தின் ஆக்ரனெஸிடமும் போலந்தின் வுட்ச் நகர அணியான விட்செவிடமும் ஆரம்பச் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினார்கள், அது வேறு விஷயம்.

இரண்டு பட்டம் வாங்கிய இளம் மேனேஜர் அடுத்து எங்கே போவார்? இன்னொரு கிளப்புக்கு மேனேஜராகத்தானே. இவர் 1996இல் ஸ்கன்தார்ப் யுனைடெட்டுக்கு பிசியோவாக, அதாவது அடிபட்ட ஆட்டக்காரர்களின் உடம்பைத் தேற்றுபவராகப் போனார். சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி படித்துப் பட்டம் வாங்கியிருந்தார். அந்த வேலையில் பத்து வருஷம்.

பிப்ரவரி 6

அந்தப் பத்து வருஷத்தில்தான் விஷயம் இருக்கிறது. நேற்று மூன்று பேர் "பிசியோவா?" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், பிசியோதான்.

ஸ்கன்தார்ப் லிங்கன்ஷரில் ஒரு இரும்பு ஆலை ஊர். கிளப்பின் பட்டப்பெயரே அயர்ன். மைதானம் கிளான்ஃபர்ட் பார்க், 1988இல் திறந்தது, ஒன்பதாயிரம் பேர் பார்க்கலாம். இந்த அளவு கிளப்பில் பிசியோ என்றால் தனித்தனி நிபுணர் பட்டாளம் எல்லாம் கிடையாது. காலையில் யார் நொண்டிக்கொண்டு வருகிறார் என்று முதலில் பார்ப்பவர் அவர். யாருக்குத் தொடையின் பின்தசை இழுத்தது, யார் ஊசி போட்டுக்கொண்டு ஆடுகிறேன் என்கிறார், யார் சின்ன சுளுக்கைப் பெரிதாக்கி வெளியூர் ஆட்டத்துக்கு வராமல் தப்பிக்கிறார், எல்லாம் அவருக்குத்தான் தெரியும். மற்றவர்கள் பயிற்சிக்குப் போன பிறகு அடிபட்டவர் மட்டும் மேசையில் படுத்திருப்பார். வாய் சும்மா இருக்குமா? சம்பளம் போதவில்லை, மேனேஜர் என்னைப் பார்ப்பதே இல்லை, வீட்டில் சண்டை. மேனேஜரிடம் சொல்லாதது அத்தனையும் பிசியோவிடம் வரும்.

இது ஆட்கின்ஸ் சொன்னது இல்லை, என் ஊகம். ஆனால் அனுபவ ஊகம். கல்லூரியில் எங்களுக்கு பிசியோ என்று யாரும் இல்லை. ஒரு ஸ்ப்ரே டப்பா, ஒரு ரோல் பிளாஸ்திரி, ஒரு தகர வாளியில் ஐஸ். ஒரு கார்னரில் என் சுண்டுவிரல் மூட்டு விலகியபோது, மைதானத்தைப் பராமரிக்கும் அண்ணன்தான் ஓடி வந்தார். "வேற எங்கயாச்சும் பாரு தம்பி" என்றார். பார்த்தேன். இழுத்துவிட்டார். பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி, "ஆடுவியா?" என்று கேட்டார். ஆடினேன். விரல் இன்னும் வளைந்துதான் இருக்கிறது. எங்கள் கோச்சைவிட அந்த அண்ணனுக்குத்தான் அணியில் யார் எப்படி என்று அத்துப்படி.

பிப்ரவரி 6, மறுபடியும்

தலைப்பில் போட்ட பாட்டு பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 2006 நவம்பரில் ஸ்கன்தார்ப் மேனேஜர் பிரையன் லாஸ், ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப்புக்குப் போய்விட்டார். தற்காலிகமாகப் பார்த்துக்கொள் என்று பிசியோவிடம் அணியைக் கொடுத்தார்கள். ஜெயித்துக்கொண்டே போனார், டிசம்பரில் அவரையே நிரந்தரமாக்கினார்கள். மொரின்யோ அப்போது செல்சியில் உச்சத்தில் இருந்த காலம். கேலரி பாடியது: மொரின்யோ எதுக்கு, எங்ககிட்ட பிசியோ இருக்காரு!

சீசன் முடிவில் 91 புள்ளியோடு லீக் ஒன் சாம்பியன். லீக் ஒன் என்று பெயர், ஆனால் இங்கிலாந்தில் அது மூன்றாம் படி. 1964க்குப் பிறகு ஸ்கன்தார்ப் இரண்டாம் படியை மிதித்தது அப்போதுதான்.

பிப்ரவரி 7

"ஸ்கன்தார்ப் எங்கேயோ கேட்ட பேராக இருக்கே" என்றவருக்கு: இயன் போத்தம். நம் கிரிக்கெட் போத்தம்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் ஸ்கன்தார்ப்புக்கு லீக் ஆட்டங்களில் ஆடியிருக்கிறார், மொத்தம் 11. கெவின் கீகன் அங்கிருந்துதான் லிவர்பூல் போனார். ரே கிளெமென்ஸும் அங்கிருந்துதான் போனார், அவர் கீப்பர் என்பதைக் கேள்வி கேட்டவர் கவனிக்கவும்.

பிப்ரவரி 9

பிசியோ மகிமையைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுவிட்டேனோ என்று படுகிறது. லாஸ் விட்டுப்போனபோதே அணி நல்ல இடத்தில்தான் இருந்தது. பில்லி ஷார்ப் அந்த சீசனில் லீக்கில் மட்டும் 30 கோல் போட்டார். அவரைக் கொண்டுவந்தது ஆட்கின்ஸ் இல்லை. ஓடுகிற வண்டியில் ஏறி ஓட்டுவது சுலபம் என்று யாராவது சொன்னால் முழுசாக மறுக்க முடியாது.

ஆனால் ஜனவரியில் ஆண்டி கியோவை வுல்வ்ஸுக்கு விற்றுவிட்டார்கள், பாதி சீசனில் முன்வரிசையில் ஒரு ஆள் போயாச்சு. அடுத்த கோடையில் ஷார்ப்பும் போனார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். 2008இல் நேராக மூன்றாம் படிக்கே இறங்கினார்கள். நம்மூர் ஆளாக இருந்தால் அன்றைக்கே பிசியோவைத் திரும்ப மருந்துப் பெட்டியோடு அனுப்பியிருப்பார்கள். ஸ்கன்தார்ப் அனுப்பவில்லை. மறு வருஷமே வெம்பிளியில், 2009 மே 24, மில்வாலுக்கு எதிராகப் பிளே ஆஃப் இறுதி, மேலே ஏற மிச்சமிருக்கும் ஒரே இடத்துக்கான ஆட்டம். முன்னிலை போய், பின்தங்கி, மாட் ஸ்பாரோ இரண்டாவது கோலால் சமன் செய்து, கடைசி ஐந்து நிமிஷத்தில் மார்ட்டின் வுல்ஃபர்ட் அடித்து 3-2. மறுபடி மேலே. அதற்கடுத்த சீசனில் இரண்டாம் படியில் தாக்குப்பிடித்து நின்றார்கள்.

2006இல் வண்டி ஓடிக்கொண்டிருந்தது என்பது சரி. 2009இல் அது பள்ளத்தில் கிடந்தது. இரண்டையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது.

பிப்ரவரி 12

இனி நான் நேரில் பார்த்த பகுதி. 2010 செப்டம்பரில் முதுகலைப் படிக்க சவுத்தாம்ப்டன் போய் இறங்கினேன். அதே மாதம்தான் ஆட்கின்ஸும் அந்த ஊர் கிளப்புக்கு வந்தார். மேனேஜர் ஆலன் பார்டியூவை நீக்கிவிட்டு கிளப் தலைவர் நிகோலா கோர்தேசே இவரைக் கொண்டுவந்திருந்தார். போர்ட்ஸ்வுட்டில் நாங்கள் நான்கைந்து பேர் ஒரு வீட்டில். வீட்டுக்காரர் பழைய சவுத்தாம்ப்டன் வெறியர், வாடகை வாங்க வரும்போதெல்லாம் "பிசியோவைக் கூட்டி வந்திருக்கிறார்கள், பிசியோவை" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

அணியில் சரக்கு இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். ரிக்கி லாம்பர்ட், ஆடம் லலானா, மோர்கன் ஷ்னைடர்லின், ஜோஸே ஃபோன்டே, பதினேழு வயசு ஆக்ஸ்லேட் சேம்பர்லின். மூன்றாம் படியில் இப்படி ஒரு அணி அநியாயம். 2011இல் இரண்டாம் இடம் பிடித்து ஏறினார்கள். 2012இல் இரண்டாம் படியான சாம்பியன்ஷிப்பில் ஒரே ஒரு புள்ளியில் ரெடிங்கிடம் முதலிடத்தை விட்டு, மறுபடி இரண்டாம் இடம், மறுபடி ஏற்றம். இரண்டே வருஷத்தில் மூன்றாம் படியிலிருந்து பிரீமியர் லீக்.

2012 ஏப்ரல் 28, கவன்ட்ரியோடு கடைசி ஆட்டம், சவுத்தாம்ப்டன் மைதானமான செயின்ட் மேரீஸில் நார்தம் பக்கக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். உட்காரத்தான் டிக்கெட், யாரும் உட்காரவில்லை. முதல் கோல் பில்லி ஷார்ப். அந்த ஜனவரியில்தான் ஆட்கின்ஸ் அவரை வாங்கியிருந்தார். 4-0. விசில் ஊதியதும் கூட்டம் வேலியைத் தாண்டி இறங்கியது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் மட்டும் இறங்கவில்லை. பிளாஸ்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றி, பழக்கமே இல்லாத என்னிடம் நீட்டினார். சர்க்கரை இல்லாத டீ. குடித்தேன்.

மறு மாதம் வாடகைக்கு வந்த வீட்டுக்காரர் பிசியோ பற்றி வாயைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 13

சவுத்தாம்ப்டன் ஆட்கின்ஸை நீக்கியதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன், இன்னும் எரிச்சல் போகவில்லை.

பிரீமியர் லீக் முதல் ஆட்டமே சாம்பியன் மான்செஸ்டர் சிட்டியோடு. 2-1 முன்னிலை எடுத்து 3-2 தோல்வி. அப்புறம் மான்செஸ்டர் யுனைடெட்டோடும் 3-2. ஆரம்ப மாதங்கள் மோசம்தான், வாங்கிய கோல் சாக்கடையாகக் கொட்டியது. ஆனால் குளிர்காலத்தில் அணி நிமிர்ந்துவிட்டது. ஜனவரி 16, செல்சி மைதானத்தில் இரண்டு கோல் பின்தங்கி, லாம்பர்ட் பெஞ்சிலிருந்து வந்து ஒன்று, பஞ்சன் ஒன்று, 2-2. இரண்டு நாள் கழித்து, 18ஆம் தேதி வெள்ளிக்கிழமை, ஆளை நீக்கிவிட்டார்கள். அன்றைக்குத் தென் இங்கிலாந்தில் நல்ல பனி. வேலைக்குப் பஸ் இல்லை என்று வீட்டில் குந்தியிருந்தபோது செய்தி வந்தது. இணைய வதந்தி என்றுதான் நினைத்தோம். புது மேனேஜர் யாரோ அர்ஜென்டினாக்காரர், மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேட்டி கொடுக்கிறார் என்றதும் எங்கள் வீட்டுக்காரர் போனில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பிப்ரவரி 17

எதிர்பார்த்த பதில் வந்துவிட்டது: "அந்த அர்ஜென்டினாக்காரர் பின்னால் பெரிய பேர் வாங்கிய பொச்செட்டினோ. கோர்தேசே செய்தது சரிதானே?"

அணிக்கு நல்லது நடந்தது, மறுக்கவில்லை. அடுத்த சீசனில் எட்டாம் இடம், முன்னால் போய் நெருக்கிப் பந்தைப் பறிக்கும் ஆட்டம், பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. ஆட்கின்ஸ் இருந்திருந்தால் எட்டாம் இடம் வந்திருக்காது என்றே நானும் நினைக்கிறேன். ஆனாலும் சரியாக அமைந்த முடிவு வேறு, நியாயமாக நடந்துகொள்வது வேறு. சவுத்தாம்ப்டனில் இரண்டையும் ஒன்றாகப் பேசினால் இன்றைக்கும் பப்பில் சண்டை வரும்.

இதை எழுதும்போது இன்னொன்றும் தோன்றுகிறது. 6ஆம் தேதி எழுதியதோடு இது இடிக்கிறது. மேசையில் படுத்தவர்களை அறிந்ததுதான் அவர் பலம் என்றேன். சவுத்தாம்ப்டனில் அவர் யாருக்கும் கட்டுப் போடவில்லையே, அங்கே எப்படி ஜெயித்தார்? சரக்குள்ள அணி என்பது பாதிப் பதில். மீதிப் பாதி, கீழ்ப்படி லீக்குகளில் வேலை அதிகமும் மனுஷ வேலை. 46 ஆட்டம், செவ்வாய்க்கிழமை இரவு எங்கோ மழையில், அலுத்துப்போன இருபது பேரை மறுபடி கிளப்பிவிடுவது. அதில் அவர் கெட்டிக்காரர். எப்போதும் சிரித்த முகம், தோற்றாலும் அடுத்த ஆட்டம் பற்றியே பேச்சு. கேலி செய்வோம், ஆனால் ஜனவரியில் அந்தக் கேலிக்குரிய உற்சாகம்தான் புள்ளி வாங்கித் தந்தது. பிரீமியர் லீக்கில் அது மட்டும் போதாது.

பிப்ரவரி 18

பில்லி ஷார்ப் கணக்கு ஒன்று, என் கட்சிக்குச் சாட்சியாக. ஸ்கன்தார்ப்பில் ஆட்கின்ஸிடம் ஆடினார். சவுத்தாம்ப்டனுக்கு அவரை ஆட்கின்ஸ் வாங்கினார். அப்புறம் ரெடிங் கிளப்புக்குப் போனபோது 2013இல் கடனாகக் கூப்பிட்டார். 2015இல் ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கு மறுபடி வாங்கினார். ஒரே ஆளை நான்கு கிளப்பில்! தெரிந்த உடம்பு, தெரிந்த மனசு. புது ஆளை ஆராய்வதைவிடப் பழகிய முழங்காலை நம்புகிறார். பிசியோ புத்தி.

பிப்ரவரி 22

பிந்தைய காலம் வேகமாக. ரெடிங்: 2013இல் போனார், பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கினார்கள்; 2014இல் சீசனின் கடைசி நாளில், வேறொரு ஆட்டத்தில் பிரைட்டன் கூடுதல் நேரத்தில் அடித்த கோலால் பிளே ஆஃப் கைநழுவியது; டிசம்பரில் பர்மிங்காமில் 6-1 வாங்கியதும் வேலை போச்சு. ஷெஃபீல்ட் யுனைடெட்: ஒரு சீசன், லீக் ஒன்னில் 11ஆம் இடம், நீக்கம். அடுத்த வருஷம் கிரிஸ் வைல்டர் வந்து 100 புள்ளியோடு அதே லீக்கில் சாம்பியன். அதே ஷார்ப் 30 கோல். இது என் கட்சிக்கு எதிரான சாட்சி, பதிந்துவைக்கிறேன். ஹல்: ஒன்றரை வருஷம், இரண்டாம் படியில் விழாமல் வைத்திருந்தார். சார்ல்டன்: 2021 மார்ச்சில் சேர்ந்து அக்டோபரில் வெளியே.

"ஆக சராசரி மேனேஜர்" என்று ஒருவர் முடித்துவிட்டார். நான்கு முறை அணியை மேலே ஏற்றியவரைச் சராசரி என்றால் அந்தச் சராசரிக்கு எத்தனை பேர் கையேந்தி நிற்கிறார்கள் தெரியுமா? கீப்பராக 125 முறை இங்கிலாந்துக்கு நின்ற பீட்டர் ஷில்டன் பிளிமத்தில் மேனேஜராக ஒரு முறைகூட ஏற்றவில்லை. உலகத்தரக் கையுறைக்கும் டிரெஸ்ஸிங் ரூமுக்கும் சம்பந்தமே இல்லை.

மார்ச் 1

கீப்பர் மேனேஜர் என்றாலே தற்காப்புதான் ஆடுவார் என்று புதிதாக ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது. அதற்கு என் பதில் மைக் வாக்கர். வாழ்நாளில் பெரும்பகுதி கோல்செஸ்டர் யுனைடெட்டில் கோல் காத்தவர், 400க்கு மேல் லீக் ஆட்டம். 1992-93, முதல் பிரீமியர் லீக் சீசன், அவர் மேனேஜராக இருந்த நோரிச் மூன்றாம் இடம். போட்டது 61, வாங்கியது 65. கோல் கணக்கில் நஷ்டத்தோடு மூன்றாம் இடம்! ஒரு கீப்பர் நடத்திய கடை இது. மறு சீசனில் முனிக்கிலேயே பேயர்னை 2-1 அடித்தார்கள். அப்புறம் எவர்ட்டன் போய் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. இவருக்கும் இடம் மாறியதும் கை ராசி போனது.

ஆட்கின்ஸ் கடைசியாக எங்கே என்று கேட்டவருக்கு: ட்ரான்மியர். தொழில்நுட்ப இயக்குநராக வந்தவரை, மேனேஜரை நீக்கியதும் 2023 செப்டம்பரில் தற்காலிகமாக அணியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், அப்புறம் நிரந்தரமாக்கினார்கள். ஸ்கன்தார்ப்பில் நடந்த அதே வழி. நாலாம் படியில் ஒரு சீசன் காப்பாற்றினார், 2025 பிப்ரவரியில் விலகினார். ஸ்கன்தார்ப்போ 2022இல் நாலாம் படிக்கும் கீழே விழுந்தது.

மார்ச் 2

லொபெதேகியை விட்டுவிட்டேன் என்று திட்டி நாலு பேர். சேவியாவுக்கு 2020 யூரோப்பா லீக் வாங்கித் தந்தார், கீப்பர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் பார்சிலோனா பெஞ்சில் உட்கார்ந்தவர். நாம் பேசுவது ட்ரான்மியர் சேற்றில் விழுந்து எழுந்தவரைப் பற்றி. வேண்டுமானால் லொபெதேகிக்குத் தனியாகத் தொடங்குங்கள், வந்து சண்டை போடுகிறேன்.